யெஸ் சொன்னால் மாட்டேன் என்று அர்த்தம்

என்னுடைய ஆங்கிலம் லீவ் லெட்டர் ஆங்கிலம். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கத் தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்துப் பதினெட்டு வருடமாகிறது. ஜெராக்ஸ், லேமினேஷன், டைப்பிங், ஆன்லைன் அப்ளிகேஷன் என்று போர்டில் எழுதியிருக்கும். பன்னிரண்டாம் வகுப்பு வரை தாடிக்கொம்பில் தமிழ் மீடியம் படித்துவிட்டு, டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவள் நான். என் விரல்களுக்கு ஆங்கிலம் தெரியும். எனக்குத் தெரியாது.

"ரெஸ்பெக்டட் சார், ஐ ஹம்ப்ளி சப்மிட்" என்று ஆரம்பித்தால் "தேங்கிங் யூ, யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி" வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். நடுவில் காரணம் மட்டும்தான் மாறும். காய்ச்சல், கல்யாணம், சாவு. சாவு என்றால் 'எக்ஸ்பயர்ட்' என்று போட வேண்டும். மருந்து பாட்டிலும் மனுஷனும் ஒரே மாதிரிதான் எக்ஸ்பயர் ஆகிறார்கள் என்பதை என் கடையில்தான் தெரிந்துகொண்டேன். பாலிடெக்னிக்கில் படித்த ஒருவனுடைய பெரியப்பா என்னிடம் நான்கு தடவை எக்ஸ்பயர் ஆனார். நான்காவது தடவை எனக்கே பாவமாகப் போய்விட்டது.

"ஏம்ப்பா, இந்தத் தடவ சித்தப்பாவப் போடுவமா?" என்று கேட்டேன்.

"அவர ஃபைனல் இயருக்கு வச்சிருக்கேன்க்கா" என்றான்.

எந்தக் கடிதமாக இருந்தாலும் கடைசியில் ஒரு வரி வர வேண்டும். "கைண்ட்லி டூ த நீட்ஃபுல்." தாலுகா ஆபீசுக்கும் அதுதான், கரண்ட் ஆபீசுக்கும் அதுதான். அந்த வரி இல்லாவிட்டால் ஆட்கள் பேப்பரைக் கையில் வாங்க மாட்டார்கள். "அக்கா, அந்த நீட்ஃபுல்லு வரலையே" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். நீட்ஃபுல் என்றால் என்ன என்று நான் யாரையும் கேட்டதில்லை. என்னையும் யாரும் கேட்டதில்லை. அது இருந்தால் கடிதத்துக்கு ஒரு கனம் இருக்கும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

இதை வைத்துக்கொண்டு தெருவே எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று நம்பியது. எல்லாரையும் விட அதிகமாக நம்பியவர் என் வீட்டுக்காரர். அவர் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறார். கிணற்று மோட்டார் தீய்ந்துபோய்த் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடமெல்லாம், "எம் பொண்டாட்டி டைப் அடிச்சா கலெக்டரே எந்திரிச்சு நிப்பாரு" என்பார். வேண்டாம் என்று நானும் சொன்னதில்லை. கேட்க நன்றாகத்தானே இருக்கிறது.

எங்களுக்கு ஒரே மகள். நர்சிங் முடித்துவிட்டு அயர்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போனாள். "மூணே வருஷம்மா. அப்பறம் இங்கயே வந்து வேல பாத்துக்கிட்டு ஒன் கூடவே கெடப்பேன்" என்று சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினாள். நான் அந்த மூன்று வருடத்தைக் காலண்டரில் கிழித்துக்கொண்டே வந்தேன். இன்னும் நான்கு மாதம்தான் பாக்கி என்று இருக்கும்போது ஒரு நாள் சாயந்திரம் போன் வந்தது.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். கோவப்படக் கூடாது."

இப்படி யாராவது ஆரம்பித்தாலே எனக்குக் கோபம் வந்துவிடும். பையன் அந்த ஊர்க்காரனாம். அதே ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கிறானாம். ஒன்றரை வருடமாகப் பழக்கமாம். போனை வீட்டுக்காரரிடம் நீட்டினேன். இவராவது நாலு வார்த்தை நறுக்கென்று கேட்பார் என்று நினைத்தேன்.

"அவுக வீட்ல என்ன பண்றாக?" என்று கேட்டார்.

"மாடு வச்சிருக்காங்கப்பா."

"எத்தன மாடு?"

"எம்பது இருக்கும்."

என் வீட்டுக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அம்புட்டு மாட்டுக்கும் தீவனம்? மழ தண்ணியெல்லாம் எப்புடி?"

"தெனமும் மழதாம்ப்பா. வெயில் அடிச்சாத்தான் இங்க நியூஸ்ல சொல்லுவாங்க."

அவர் பிறந்தது குஜிலியம்பாறைப் பக்கம் மானாவாரிக் காட்டில். சோளத்தை விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துப் பார்த்தே கழுத்து சுளுக்கிக்கொண்ட குடும்பம். திண்டுக்கல்லுக்குக் குடிவந்த பிறகும் ஆத்தூர் டேமில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பேப்பரில் பார்க்காமல் காபி குடிக்க மாட்டார். போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தெனமும் மழ பேயிற ஊர்ல பொண்ணு குடுக்க நமக்கென்ன, கசக்குதா?"

சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள், சாதி சனம் என்ன பேசும், சாப்பாடு என்ன, சாமி என்ன என்று நான் எடுத்து அடுக்கி வைத்திருந்த அத்தனை பேச்சும் அந்த மழையில் நனைந்து போனது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பையனை எனக்குப் பிடித்திருந்தது. வீடியோவில் வந்து "வணக்கம் அத்தே" என்று நாக்கு சுளுக்கச் சொன்னான். முகத்தில் கள்ளம் இல்லை. சொந்தக்காரர்கள் பேச்சுக்கெல்லாம் நான் பயந்த ஆளும் இல்லை. என் கவலை ஒன்றே ஒன்றுதான். இனி இவள் திரும்பி வர மாட்டாள். அதை எப்படிச் சொல்வது? பெற்ற பெண் போனில் அப்படிச் சிரிக்கும்போது குறுக்கே கட்டையைப் போட எனக்கு மனசு வரவில்லை. "ஒன் இஷ்டம்டி" என்றேன். ஒரு அம்மா 'ஒன் இஷ்டம்' என்றால் என்ன அர்த்தம் என்று தமிழ் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்துவிட்டாள்.

பையனுடைய அம்மா எங்களோடு பேச வேண்டும் என்று பிரியப்பட்டார். ஞாயிற்றுக்கிழமை நாலு மணி என்று முடிவானது. முந்தின நாளே நான் கடையில் உட்கார்ந்து பேச வேண்டியதை டைப் அடித்து, பிரிண்ட் எடுத்து, கசங்காமல் இருக்க லேமினேஷனும் போட்டுவிட்டேன். பட்டுச்சேலை கட்டிக்கொண்டேன். வீட்டுக்காரர் கல்யாண வீட்டுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கைலியோடு உட்கார்ந்தார். கீழே தெரியாதாம். மிக்சர் டப்பாவில் போனைச் சாய்த்து வைத்தோம்.

சம்பந்தியம்மா திரையில் வந்தார். சிவந்த முகம், நரைத்த குட்டை முடி, என் வயதுதான் இருக்கும். பக்கத்தில் என் மகள். நான் அட்டையை எடுத்தேன்.

"ரெஸ்பெக்டட் மேடம். சப்ஜெக்ட், மேரேஜ் ஆஃப் மை ஒன்லி டாட்டர், ரிகார்டிங். ஐ ஆம் வெரி க்ளாட் டு இன்ஃபார்ம் யூ தட் வீ ஆர் ஹேல் அண்ட் ஹெல்தி."

என் மகள் தலையில் கையை வைத்துக்கொண்டாள். சம்பந்தியம்மா பூரித்துப் போனார். எங்களுக்குத் திரையில் காட்ட டீ கொண்டுவரச் சொல்லி அவளை உள்ளே அனுப்பினார். அங்கேயும் சம்பந்தி பேச்சுக்கு டீ வேண்டும் போலிருக்கிறது. அவள் எழுந்து போன அந்த நேரத்தில்தான் அவர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு, அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"யூ வுடன்ட் மைண்ட் இஃப் ஷீ ஸ்டேய்ட் ஹியர் வித் அஸ், ஃபார் குட்?"

ஃபார் குட் என்றால் ஒரேயடியாக, நிரந்தரமாக என்று அர்த்தம். அது எனக்கு அப்போது தெரியாது. ஆனால் அவள் இங்கேயே இருக்கட்டும், நீங்கள் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டீர்களே என்று கேட்கிறார் என்பதைச் சரியாகப் பிடித்துவிட்டேன். வினையே அதுதான். ஒன்றும் புரியாமல் இருந்திருந்தால் சிரித்துவிட்டுச் சும்மா இருந்திருப்பேன்.

நம் ஊரில் "ஒண்ணும் நெனச்சுக்க மாட்டீகள்ல?" என்றால் "ஆமா, மாட்டோம்" என்போம். "கரண்ட் இல்லையா?" என்றால் "ஆமா, இல்ல" என்போம். கேட்டவர் சொன்னது சரி என்றால் ஆமா. எனவே நான் வாய் நிறைய "யெஸ்" என்றேன். ஒன்று போதாதென்று "யெஸ், யெஸ்" என்று இன்னும் இரண்டு சேர்த்தேன். தலையையும் நன்றாக ஆட்டினேன். என் வீட்டுக்காரர் எனக்குப் பக்கபலமாக, "யெஸ் மேடம்! ஹண்ட்ரட் பர்சென்ட்!" என்று பெருவிரலை உயர்த்திக் காட்டினார்.

சம்பந்தியம்மா முகம் சுருங்கியது. "ஓ" என்றார். கண் கலங்கியது. "ஐ அண்டர்ஸ்டாண்ட்" என்று மெதுவாகச் சொன்னார். சந்தோஷத்தில் அழுகிறார் என்று நினைத்து நானும் கொஞ்சம் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பிறகு அட்டையின் கடைசி வரிக்கு வந்து, "தேங்கிங் யூ, யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி" என்று முடித்துப் போனை வைத்தேன்.

"எப்புடி?" என்று வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"கலெக்டர் தோத்தாரு போ" என்றார்.

அரை மணி நேரத்தில் மகள் கூப்பிட்டாள். மூக்கடைத்த குரல்.

"அவங்ககிட்ட என்னம்மா சொன்ன?"

"யெஸ்னு சொன்னேன்டி. ஒரு தடவ இல்ல, மூணு தடவ."

"அவங்க கேட்டதுக்கு யெஸ்னா, ஆமா, எனக்கு வருத்தம், சம்மதமில்லன்னு அர்த்தம்மா. நோ சொல்லிருக்கணும்."

"சம்மதத்துக்கு நோ சொல்லணுமா? எந்த ஊரு நியாயம்டி இது?"

"அப்பாவும் யெஸ்னு சொன்னாராமே. ஹண்ட்ரட் பர்சென்ட் சம்மதமில்லையாம்."

நான் திரும்பி வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மிக்சர் தின்றுகொண்டிருந்தார்.

விஷயம் சிரிப்பாக முடிந்துவிடவில்லை. சம்பந்தியம்மா கல்யாணப் பேச்சையே நிறுத்தி வைத்துவிட்டார். அவருக்கும் ஒரு மகள் உண்டு. கட்டிக்கொடுத்து, பத்து வருடமாக ஆஸ்திரேலியாவில் இருக்கிறாள். "பெத்தவ மனசு நோக ஒரு பொண்ண நான் கூட்டி வந்து வச்சுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாராம். மொழி தெரியாமல் அம்மா மாற்றிச் சொல்லிவிட்டாள் என்று என் மகள் அழுது புரண்டும் அவர் நம்பவில்லை. அவ்வளவு நீளமாக இங்கிலீஷில் வாசித்தவளுக்கு யெஸ்ஸும் நோவும் தெரியாதா என்று கேட்டிருக்கிறார். லேமினேஷன் செய்த வினை.

"நான் சொன்னா நம்ப மாட்டேங்குறாங்கம்மா. ஒன் வாயால கேக்கணுமாம். வார ஞாயித்துக்கெழமைக்கு அடுத்த ஞாயிறு பேசுறேன்னுருக்காங்க. ஒரே ஒரு நோ சொல்லும்மா. ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

ஒரு நோவுக்காக மறுநாளே ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தேன். வகுப்பு ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் நடந்தது. எல்லாரும் வெளிநாடு போகக் காத்திருக்கும் சின்னப் பிள்ளைகள். நான் உள்ளே நுழைந்ததும் மூன்று பேர் எழுந்து "குட் ஈவ்னிங் மேம்" என்றார்கள். பாடம் நடத்தும் மிஸ்ஸுக்கே முப்பது வயதுதான். என்னை அக்கா என்றார். நான் அவரை மிஸ் என்றேன்.

"கேள்விய வச்சுப் பதில் சொல்லாதீங்கக்கா. உண்மைய வச்சுச் சொல்லுங்க" என்றார் மிஸ். "சாப்பிடலையான்னு கேட்டாலும் சரி, சாப்டீங்களான்னு கேட்டாலும் சரி, சாப்டா யெஸ். சாப்பிடலன்னா நோ. ஆமா-வ மறந்துருங்க. 'டூ யூ மைண்ட்'னு வந்தா, ஒங்களுக்கு வருத்தமான்னு கேக்குறாங்க. வருத்தம்னா யெஸ். இல்லன்னா நோ."

கேட்க எளிதாகத்தான் இருந்தது. வீட்டில் பழகுவோம் என்று வீட்டுக்காரரிடம் அன்றே சொல்லிவிட்டேன். இனிமேல் யெஸ், நோ மட்டும்தான், அதுவும் இங்கிலீஷ் முறைப்படி.

மறுநாள் மத்தியானம் அவர் தட்டின் முன்னால் உட்கார்ந்தார். "வெஞ்சனம் ஒண்ணும் இல்லையா?"

"நோ" என்றேன். அன்று கடையில் கூட்டம், தொட்டுக்கொள்ள எதுவும் செய்யாமல் குழம்போடு விட்டுவிட்டேன்.

"அப்ப இருக்குல்ல, எடுத்து வையி."

"நோன்னா இல்லன்னு அர்த்தம்."

"இல்லையான்னு கேட்டேன், நோன்ன. இல்லாம இல்லன்னுதான அர்த்தம்?"

"இல்லாம இல்லைன்னா இருக்கும்ல. இருந்தா யெஸ்னுருப்பேன்."

அவர் வெறும் குழம்புச் சோற்றைப் பிசைந்தார். "எனக்கு இங்கிலீஷே வேணாம். ஒரு அப்பளமாச்சும் பொரி" என்றார்.

கடையிலும் இதே தொல்லை. "கலர் பிரிண்ட் இன்னைக்கு இல்லையாக்கா?" என்று கேட்டவரிடம் "நோ" என்று சொன்னேன். அவர் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு செத்த நேரம் நின்று பார்த்துவிட்டு என்னைத் திட்டிக்கொண்டே போனார்.

ஆனால் நான்கு நாளில் எனக்குப் பிடிபட்டுவிட்டது. மிஸ் சுற்றி வளைத்துக் கேட்டாலும் விழவில்லை. "டோன்ட் யூ லைக் காபி?" "யெஸ், ஐ டூ." "டூ யூ மைண்ட் இஃப் ஐ ஓப்பன் த விண்டோ?" "நோ." "டூ யூ மைண்ட் இஃப் ஐ ஸிட் ஹியர்?" "நோ, நோ, ப்ளீஸ்." பிள்ளைகள் கைதட்டினார்கள். மிஸ்ஸுக்கு என் கதை தெரியும். எனவே கடைசியில் எனக்கு வேண்டிய கேள்வியையே கேட்டார்.

"டூ யூ மைண்ட் இஃப் யுவர் டாட்டர் ஸ்டேஸ் இன் அயர்லாந்து ஃபார் குட்?"

"யெஸ்" என்றேன்.

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். மறுபடி கேட்டார். மறுபடி யெஸ். ஜன்னல், நாற்காலி, காபி எல்லாவற்றுக்கும் ஒழுங்காக வந்த நோ, இதற்கு மட்டும் வர மறுத்தது. வெள்ளிக்கிழமையும் அதே கதை, சனிக்கிழமையும் அதே கதை.

"இம்புட்டு நல்லாச் சொல்றீங்க, இந்த ஒண்ணுல மட்டும் ஏன்க்கா கோட்ட விடுறீங்க?" என்று மிஸ் சலித்துக்கொண்டார்.

மாடிப்படி இறங்கும்போதுதான் எனக்கு உறைத்தது. பேக்கரியில் பன் வெந்துகொண்டிருந்தது. பாதிப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். நம் ஊர்க்காரர் யாராவது என்னிடம் வந்து, "பொண்ணு அங்கயே இருந்துட்டா ஒண்ணும் நெனச்சுக்க மாட்டீகள்ல?" என்று கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? ஆமா மாட்டேன் என்று இலக்கணமா பார்த்திருப்பேன்? "சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றுதான் படபடவென்று வந்திருக்கும். அந்தச் சேச்சேயை மொழிபெயர்த்திருந்தால் நோ, நோ என்று சரியாகவே வந்திருக்குமே. அது ஏன் வரவில்லை? அன்று நான் தப்பாகச் சொல்லவில்லை. எனக்கு வருத்தம்தான். உண்மையை வைத்துப் பதில் சொல்லுங்கள் என்றார் மிஸ். நான் சேருவதற்கு முன்னாலேயே அந்தப் பாடத்தில் பாஸ் பண்ணியிருந்தேன்.

அங்கேயே நின்று அழுதேன். பன் வாங்க வந்தவர்கள் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று இருந்தது. மகளின் கல்யாணம் என் ஒரு சொல்லில் நிற்கிறது, அந்தச் சொல் பொய். பதினெட்டு வருடமாக ஊரார் பெரியப்பாக்களைச் சாகடித்துக் கடிதம் அடித்தவளுக்கு ஒரு பொய் இவ்வளவு கனமாக இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

இரண்டாவது ஞாயிறு வந்தது. பட்டுச்சேலை இல்லை, அட்டை இல்லை. வீட்டுக்காரர் இந்தத் தடவை வேட்டி கட்டியிருந்தார். வாயைத் திறந்து யெஸ், நோ எதுவும் சொல்லக் கூடாது, மாட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் மட்டும் பேசலாம் என்று அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தேன்.

சம்பந்தியம்மா மாட்டுத் தொழுவத்து வாசலில் நின்றே பேசினார். முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ். பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு என் மகள். சத்தம் வராமல் உதட்டை மட்டும் குவித்து எனக்கு "நோ, நோ" என்று காட்டிக்கொண்டே இருந்தாள். சம்பந்தியம்மாவும் ஏதோ பரீட்சைக்கு வந்தவர் மாதிரி இறுக்கமாக நின்றார். அந்த இறுக்கத்தை உடைத்தவர் என் வீட்டுக்காரர்தான்.

"மேடம், ரெயின் கம்மிங்?"

"இட் இஸ்" என்றார் அவர். பெய்கிறது.

"மில்க் ஃபினிஷ்?"

"இட் இஸ்." முடிந்தது.

"யூ ஈட்?"

"ஐ டிட்." சாப்பிட்டேன்.

எனக்குச் சுரீர் என்றது. இந்த அம்மா யெஸ் என்றும் சொல்லவில்லை, நோ என்றும் சொல்லவில்லை. மழையா என்றால் பெய்கிறது. சாப்டீங்களா என்றால் சாப்டேன். நாம் பேசுகிற மாதிரியே பேசுகிறார். தெருவில் பார்க்கிறவர்கள் "கடைக்கா போறீக?" என்றால் "போறேன்" என்கிறோம். ஆமா என்றா சொல்கிறோம்? அயர்லாந்துக் கிராமங்களில் பழைய ஆட்கள் இப்படித்தான் பேசுவார்கள், அவர்களுடைய பழைய பாஷையில் யெஸ்ஸுக்கும் நோவுக்கும் தனியாக வார்த்தையே கிடையாதாம் என்று பிறகு மாப்பிள்ளை சொன்னார். அன்று எனக்கு அதெல்லாம் தெரியாது. ஆனால் அந்தக் கேள்விக்கு யெஸ், நோ இரண்டும் இல்லாமலும் பதில் சொல்லலாம் என்று மட்டும் தெரிந்துவிட்டது.

அவர் கேட்டார். இந்தத் தடவை எனக்காக மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக.

"டூ யூ மைண்ட்?"

என் மகளின் உதடு குவிந்தது. வீட்டுக்காரர் என் முழங்கையைத் தொட்டார்.

"ஐ மைண்ட்" என்றேன்.

குடை சாய்ந்தது. "அம்மா!" என்று என் மகள் கத்தினாள்.

"நீ சும்மா இருடி" என்றேன். பிறகு அவரைப் பார்த்துச் சொன்னேன். லீவ் லெட்டர் எதுவும் உதவிக்கு வரவில்லை. இருந்த வார்த்தைகளை வைத்துக்கொண்டு சொன்னேன்.

"ஐ மைண்ட். வெரி வெரி மைண்ட். ஒன்லி ஒன் டாட்டர். பட் ஷீ இஸ் ஹேப்பி. யுவர் சன், குட் பாய். ஐ மைண்ட், பட் ஐ கிவ். யூ டேக்."

அந்தப் பக்கம் மழை வலுத்தது. ஒரு மாடு கத்தியது. சம்பந்தியம்மா கையுறையைக் கழற்றி மூக்கைத் துடைத்தார்.

"ஐ டிட் டூ" என்றார். "மைன் இஸ் இன் ஆஸ்திரேலியா. ஐ ஸ்டில் டூ."

எனக்கும் வருத்தம் இருந்தது, இன்னும் இருக்கிறது. யாரும் மொழிபெயர்க்காமலே எனக்குப் புரிந்தது. பத்து வருடமாக அந்த அம்மாவும் அதையே வைத்துக்கொண்டுதான் எண்பது மாட்டுக்குப் பால் கறந்திருக்கிறார். இரண்டு பேரும் ஆளுக்கொரு போனைப் பார்த்து அழுதோம். நடுவில் என் மகள் மழையில் நனைந்துகொண்டு, கல்யாணம் உண்டா இல்லையா என்று தெரியாமல் முழித்துக்கொண்டு நின்றாள்.

முடிக்க வேண்டும். எப்படி முடிப்பது என்று தெரியவில்லை. வாய் தன்னால் பழைய தடத்துக்குப் போனது.

"கைண்ட்லி டூ த நீட்ஃபுல்" என்றேன்.

சம்பந்தியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "வாட்ஸ் த நீட்ஃபுல்?"

பதினெட்டு வருடத்தில் அதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். எத்தனை ஆபீசர்கள் அந்த வரியைப் படித்திருப்பார்கள். ஒருத்தர்கூட என்ன வேண்டும் என்று கேட்டதில்லை. நான் யோசித்தேன்.

"ஹேர் வெட், ஷீ ஸ்லீப். யூ ஸ்கோல்ட்" என்றேன். தலையைத் துவட்டாமல் படுத்துவிடுவாள், திட்டுங்கள். "ஃபீவர் கம்மிங், ஷீ நாட் டெல். யூ டச் அண்ட் ஸீ." காய்ச்சல் வந்தால் சொல்ல மாட்டாள், தொட்டுப் பாருங்கள். "ஃபுட், ஷீ ஸே நோ. ஃபர்ஸ்ட் நோ இஸ் நாட் நோ. யூ ஆஸ்க் டூ டைம்ஸ்." சாப்பிடுகிறாயா என்றால் வேண்டாம் என்பாள், முதல் வேண்டாம் வேண்டாம் இல்லை. இரண்டு தடவை கேளுங்கள்.

அவர் சிரித்துவிட்டார். "டூ? ஹியர் இட்ஸ் த்ரீ." இங்கே மூன்று தடவை கேட்போம் என்றார்.

"வில் யூ டூ?" என்று கேட்டேன். நானாகக் கேட்ட முதல் இங்கிலீஷ் கேள்வி அதுதான்.

"ஐ வில்" என்றார்.

போனை வைத்ததும் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார்.

"என்ன சொன்னாக? யெஸ்ஸா, நோவா?"

"ரெண்டும் இல்ல" என்றேன். "செய்றேன்னாக."